புதிதாக வாங்கிய இஎஸ்பி32: விளக்கு எரிகிறது, ஆனால் ஆர்டுயினோ ஐடிஇ-யில் காம் போர்ட் வரவில்லை

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வயரிங் வேலை கொஞ்சம் தெரியும், ப்ரோக்ராமிங் சுத்தமாகத் தெரியாது. மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே உட்கார்ந்தபடியே போனில் பார்க்க வேண்டும், நிரம்பியதும் ஒரு பஸ்ஸர் கத்த வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போய் தெருவெல்லாம் தண்ணீர் ஓடி பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்குவது போதும் போதும் என்றாகிவிட்டது. வீடியோக்களில் எல்லாரும் வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டையே சொன்னதால் ரிச்சி ஸ்ட்ரீட் போனபோது 30 பின் உள்ள போர்டு ஒன்று, எச்சிஎஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சார் ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் வயர் எல்லாம் வாங்கிவிட்டேன்.

லேப்டாப் பழையது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். போர்டில் ப்ரோக்ராம் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ 2 போட்டேன், திறக்கவே நேரமாகிறது, சரி பரவாயில்லை. போர்டு மேனேஜரில் இஎஸ்பி32 என்று தேடினால் இரண்டு வருகிறது, ஒன்றில் ஆர்டுயினோ பெயர், இன்னொன்றில் எஸ்பிரெசிஃப் பெயர். எதைப் போடுவது?

அதைவிடப் பெரிய பிரச்சினை, யுஎஸ்பியில் சொருகினால் போர்டில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆனால் டூல்ஸ் மெனுவில், கணினி போர்டோடு பேசும் வழியான காம் போர்ட் பட்டியலில், காம்1 மட்டும்தான் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து அப்லோட் கொடுத்தால் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று சிவப்பில் வருகிறது. போர்டே பழுதா? கடையில் கேட்டால் சாஃப்ட்வேர் பிரச்சினை, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம்.


சாலிடர்புகை:

போர்டைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள் நண்பரே. சிவப்பு விளக்கு எரிவதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, அது 5 வோல்ட் வருகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. யுஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி. புளூடூத் ஹெட்செட், ட்ரிம்மர் இவற்றோடு வரும் மெல்லிய கேபிள்களில் பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜுக்கு மட்டும் ஆனது. போனில் இருந்து லேப்டாப்புக்கு போட்டோ மாற்றப் பயன்பட்ட கேபிள் வீட்டில் இருந்தால் அதை எடுத்துச் சொருகுங்கள், அது நிச்சயம் டேட்டா போகும் கேபிள்.

சொருகும்போது டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். சொருகினாலும் பிடுங்கினாலும் அந்தப் பட்டியலில் எந்த அசைவும் இல்லை, விண்டோஸ் 'டிங்' என்று சத்தமும் போடவில்லை என்றால் கேபிள் அல்லது லேப்டாப்பின் யுஎஸ்பி வாய். பட்டியலில் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ஏதோ ஒன்று வந்து நிற்கிறது என்றால் கேபிள் நல்லது, டிரைவர் இல்லை. 'போர்ட்ஸ்' என்பதன் கீழேயே காம்3, காம்5 மாதிரி புதிதாக ஒன்று வந்துவிட்டால் இரண்டுமே சரி, ஐடிஇ-யில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். காம்1 என்பது பெரும்பாலும் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் பழைய சீரியல் போர்ட், உங்கள் போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதைத் தொட வேண்டாம்.

டிரைவர் விஷயம் இப்படி. இஎஸ்பி32 சிப்புக்கு நேராக யுஎஸ்பி பேசத் தெரியாது (எஸ்2, எஸ்3 என்று பிறகு வந்த வகைகளுக்குத் தெரியும், உங்களுடையது பழைய சாதா வகைதான்). அதனால் நடுவில் யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் ஒரு சின்னச் சிப் இருக்கும். டிரைவர் அந்தச் சின்னச் சிப்புக்குத்தான், இஎஸ்பி32-க்கு அல்ல. மைக்ரோ யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் போன் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். சதுரமாக, வெளியே கால் நீட்டாமல் இருந்தால் அநேகமாக சிபி2102, சிலிக்கான் லேப்ஸ் தளத்தில் சிபி210எக்ஸ் டிரைவர் கிடைக்கும். நீள்சதுரமாக இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தால் சிஎச்340, அதற்கு டபிள்யூசிஎச் நிறுவனத்தின் டிரைவர். எழுத்தைப் படித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் போடுங்கள். 'ஆல் டிரைவர் பேக்' என்று கூகுளில் வருவதையெல்லாம் இறக்கினால் டிரைவர் வருகிறதோ இல்லையோ வேறு ஏதாவது கட்டாயம் வரும்.

போர்டு மேனேஜரில், இஎஸ்பி32 சிப்பை உருவாக்கிய எஸ்பிரெசிஃப் சிஸ்டம்ஸ் பெயரில் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. மற்றது ஆர்டுயினோ நிறுவனமே தயாரிக்கும் நானோ இஎஸ்பி32 போர்டுக்கானது. சில நூறு எம்பி இறங்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் டேட்டா பாக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதியில் நின்றால் மறுபடி இன்ஸ்டால் கொடுக்கலாம்.

ஐடிஇ 2 கனமாகத் தெரிந்தால் பழைய 1.8.19 இன்னும் கிடைக்கிறது, 4 ஜிபி ரேமுக்கு அது இதமாக இருக்கும். ஆனால் அதில் தேடியும் இஎஸ்பி32 வரவில்லை என்றால் அதற்கான போர்டு முகவரியை ப்ரிஃபரன்சஸில் கையால் ஒட்ட வேண்டும். எதில் செய்தாலும் முதல் தடவை கம்பைல் ஆக, அதாவது ப்ரோக்ராம் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற, சில நிமிடம் கூடப் பிடிக்கும், மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அடுத்தடுத்த தடவை வேகமாக ஆகும்.


பழையயூனோ:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ப்ரோக்ராமிங்கே தெரியாதவருக்கு முதல் போர்டு இஎஸ்பி32 இல்லை, ஆர்டுயினோ யூனோதான். 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ரேம் என்று கேட்டால் சிரிப்பு வரலாம், ஆனால் எல்இடி எரிய வைக்க அது தாராளம். பின்னில் 5 வோல்ட் கொடுத்தாலும் தாங்கும், கடையில் கிடைக்கும் பாதி சென்சார்கள் 5 வோல்ட்தான். தப்பாக வயர் கொடுத்து சிப் போய்விட்டால் சாக்கெட்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பை மட்டும் நெம்பி எடுத்து வேறு போடலாம். இஎஸ்பி32-இல் ஒரு பின்னில் 5 வோல்ட் ஏறினால் மொத்தப் போர்டும் குப்பைக்குப் போகலாம். ப்ரோக்ராம் ஏற்றும்போது வரும் இந்த பூட் மோட், டவுன்லோட் மோட் தலைவலியும் யூனோவில் கிடையாது. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் டிசைன் படிக்கும் மாணவர்களுக்காக ஆரம்பித்தது இந்த ஆர்டுயினோ, எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர் கையில் கொடுக்கவே வடிவமைத்தது. அதைத் தாண்டிக் குதிப்பானேன்?


சாலிடர்புகை:

நீங்கள் சொல்லும் யூனோவில் வைஃபை இல்லையே அண்ணே. அவருக்குப் போனில் தெரிய வேண்டும். யூனோ வாங்கி, அதற்கு ஒரு வைஃபை மாட்யூல் வாங்கி, இரண்டையும் பேச வைப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிடும். வாங்கியதை வைத்தே ஓட்டட்டும். 5 வோல்ட் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், மொட்டைமாடி அதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும், சென்சார் மாட்டும்போது தேவைப்படும்.


மொட்டைமாடி:

நன்றி நன்றி. வேறு கேபிள் போட்டதும் மஞ்சள் முக்கோணம் வந்தது, சிப்பில் சிபி2102 என்று இருந்தது, டிரைவர் போட்டதும் காம்5 வந்துவிட்டது! எஸ்பிரெசிஃப் பேக்கேஜும் ஏறிவிட்டது.

இப்போது இரண்டு புதுப் பிரச்சினை. போர்டு பட்டியலில் 'இஎஸ்பி32 டெவ் மாட்யூல்' தேர்ந்தெடுத்து எக்ஸாம்பிள்ஸில் இருக்கும், விளக்கை மின்ன வைக்கும் பிளிங்க் திறந்தால் 'எல்இடி பில்ட்இன் வாஸ் நாட் டிக்ளேர்டு' என்று நிற்கிறது. ஐடிஇ கூடவே வரும் உதாரணமே ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த இடத்தில் வீடியோவில் சொன்ன மாதிரி 2 என்று போட்டதும் கம்பைல் ஆனது. ஆனால் 'கனெக்டிங்' என்று எழுதிப் புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டே இருந்து கடைசியில் 'ஃபெயில்டு டு கனெக்ட், ராங் பூட் மோட்' என்று முடிகிறது.

சென்சாரை ஏற்கெனவே பிரெட்போர்டில் டி12, டி2 பின்களில் மாட்டி வைத்திருக்கிறேன், அது பிரச்சினை இல்லையே?


சாலிடர்புகை:

அதுவும் பிரச்சினையாக இருக்கலாம். எல்லா வயரையும் கழற்றுங்கள், வெறும் போர்டு மட்டும் யுஎஸ்பியில் இருக்கட்டும்.

அப்லோட் கொடுங்கள், 'கனெக்டிங்' என்று புள்ளி ஓட ஆரம்பித்ததும் போர்டில் 'பூட்' என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், சதவீதம் ஏற ஆரம்பித்ததும் விட்டுவிடுங்கள். ஏறிவிடும். ஏறி முடிந்ததும் ஓடாமல் நின்றால் 'ஈஎன்' பொத்தானை ஒரு தட்டு.

ஏன் என்றால், சிப் விழித்தெழும் அந்தக் கணத்தில் ஜிபிஐஓ 0 என்ற பின்னைப் பார்க்கும். அது தரையோடு சேர்ந்திருந்தால் 'புது ப்ரோக்ராம் வருகிறது' என்று காத்திருக்கும், இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளதை ஓட்டப் போய்விடும். பூட் பொத்தான் செய்வது அந்தப் பின்னைத் தரையோடு சேர்ப்பது மட்டும்தான். இதைத் தானாகச் செய்ய யுஎஸ்பி சிப்பின் இரண்டு கம்பிகளும் இரண்டு ட்ரான்சிஸ்டரும் போர்டிலேயே உண்டு. ஆனால் சில போர்டுகளில் ரீசெட் விடுபடும் நேரத்துக்கும் இந்தப் பின் கீழே இறங்கும் நேரத்துக்கும் ஒத்துப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் அழுத்திக்கொண்டிருக்க எரிச்சலாக இருந்தால் ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள், பிளஸ் கால் ஈஎன் பக்கம். அதோடு பொத்தான் வேலை பெரும்பாலும் ஒழியும்.

டி2, டி12 இரண்டும் இதே மாதிரி விழிக்கும்போது பார்க்கப்படும் பின்கள். டி2-வை வெளியில் இருந்து யாராவது மேலே இழுத்தால் டவுன்லோட் மோடுக்கே போகாது. டி12 மேலே இருந்தால் ஃப்ளாஷ் மெமரிக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும், அப்புறம் எப்படி எழும்? டி0, டி5, டி15 ஆகியவையும் இந்தக் கூட்டம்தான். நீங்கள் 25, 26, 27, 32, 33 பக்கம் போங்கள், வம்பில்லாத பின்கள். 34, 35 இன்புட்டுக்கு மட்டும்தான் ஆகும்.

பிளிங்க் விஷயம் சாதாரணம். டெவ் மாட்யூல் என்பது பொதுவான பெயர், விளக்கு எந்தப் பின்னில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, விளக்கே இல்லாத போர்டும் உண்டு. உங்களுடைய 30 பின் போர்டுக்கு 'டாய்ட் இஎஸ்பி32 டெவ்கிட் வி1' தேர்ந்தெடுத்தால் பிளிங்க் அப்படியே ஓடும். 2 என்று போட்டதும் அதே விளைவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஏதாவது நின்றால் கேபிள், போர்டு பெயர், அப்லோட் ஸ்பீடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். அப்புறம் எது சரி செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.


உபுண்டுக்காரன்:

லினக்ஸில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக. டிரைவர் எதுவும் தேட வேண்டாம், சிபி2102, சிஎச்340 இரண்டும் கெர்னலிலேயே உண்டு. 'பெர்மிஷன் டினைடு' வந்தால் உங்கள் யூசரை சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். வெறும் டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. ஐடிஇ-யை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டும் பழக்கம் வேண்டாம்.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 போர்டு வந்த வேகத்தில் மறைந்து போகும் கூத்து ஒன்று உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், அதே யுஎஸ்பி எண்ணைப் பார்த்து 'இது என் கருவி' என்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கிவிட்டால் போர்ட் நிலைத்து நிற்கும்.


மொட்டைமாடி:

நீல விளக்கு மின்னுகிறது!! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், 'இதற்கா இவ்வளவு நாள்' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த சந்தேகங்கள். சீரியல் மானிட்டரில் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாகக் குப்பை வருகிறது. சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவது, பழையயூனோ அண்ணன் சொன்னதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது, எப்படி மாட்டுவது? அப்புறம் பஸ்ஸருக்கு ஒரு வீடியோவில் இருந்த ப்ரோக்ராமை அப்படியே போட்டேன், 'லெட்சி செட்அப் வாஸ் நாட் டிக்ளேர்டு' என்கிறது. அந்த வீடியோவில் ஓடுகிறதே?

இன்னொன்று, ஃபைலுக்குத் தமிழில் 'தொட்டி' என்று பெயர் வைக்க விட மாட்டேன் என்கிறது.


ஓம்விதி:

குப்பை எழுத்து, வேகம் ஒத்துப்போகாததால். ப்ரோக்ராமில் சீரியல் பிகின் என்ற வரியில் 115200 என்று போட்டு, மானிட்டரின் மூலையில் இருக்கும் எண்ணையும் 115200 ஆக்குங்கள். 9600-உம் வேலை செய்யும், ஆனால் சிப் எழும்போது அதுவாகச் சொல்லும் வரிகள் 115200-இல்தான் வரும், அந்த வரிகள் பின்னால் கோளாறு பார்க்க உதவும்.

சென்சார். விசிசி காலை போர்டின் விஐஎன் பின்னுக்குக் கொடுங்கள், அதில் யுஎஸ்பியின் 5 வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். கிரவுண்டு கிரவுண்டுக்கு. ட்ரிக் நேராக டி25-க்கு, அது போர்டில் இருந்து வெளியே போகும் சிக்னல், 3.3 வோல்ட்டே அந்த சென்சாருக்குப் போதும். எக்கோதான் ஆபத்து, 5 வோல்ட் திரும்பி வரும். எக்கோவில் இருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்தில் இருந்து டி26-க்கு வயர். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 மட்டும்தான் பின்னுக்குப் போகும். 2 கிலோ கையில் இல்லையென்றால் இரண்டு 1 கிலோவைத் தொடராகப் போடுங்கள். வயரிங் தெரிந்தவர் நீங்கள், மீட்டர் வைத்து 5 வோல்ட் கொடுத்துப் பார்த்துவிட்டே பின்னில் சேருங்கள்.

கணக்கு: ட்ரிக்கில் 10 மைக்ரோ செகண்ட் துடிப்பு கொடுத்தால் எக்கோ எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ அதுதான் ஒலி போய்த் திரும்பிய நேரம். மைக்ரோ செகண்டை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர்.

லெட்சி செட்அப் பற்றி. லெட்சி என்பது பின்னில் வேகமாகத் துடிப்பு உண்டாக்கும் கட்டளைகள். உங்கள் பிழை இல்லை, வீடியோ பழையது. எஸ்பிரெசிஃப் பேக்கேஜ் 2-இல் இருந்து 3-க்கு மாறியபோது லெட்சி செட்அப், லெட்சி அட்டாச் பின் இரண்டையும் எடுத்துவிட்டு லெட்சி அட்டாச் என்று ஒன்றே ஆக்கிவிட்டார்கள், சேனல் எண் கொடுக்கும் வேலையும் போனது. அதில் பின், அதிர்வெண், ரெசல்யூஷன் மூன்றும் கொடுத்தால் போதும். நீங்கள் வாங்கியது தானே கத்தும் ஆக்டிவ் பஸ்ஸர் என்றால் இந்த லெட்சி எல்லாம் எதற்கு, எல்இடி எரிய வைத்தது போலப் பின்னை மேலே தூக்கினாலே கத்தும். ஆனால் இஎஸ்பி32 பின் அதிகக் கரண்ட் தராது, நடுவில் ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் வைப்பது நல்லது.

ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மாதிரி சில குறிகள் மட்டும்தான், அது ஐடிஇ-யின் விதி. ஆனால் ப்ரோக்ராமுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதலாம், மானிட்டரில் 'தொட்டி நிரம்பியது' என்று தமிழிலேயே அச்சடிக்கலாம், நன்றாக வரும். பச்சை நிற 16×2 எல்சிடி வாங்கி அதில் தமிழ் எதிர்பார்த்தால் வராது.

மாட்டும் முன் ஒரு விஷயம். எச்சிஎஸ்ஆர்04 மேசைமேல் பழகத்தான் நல்லது, தொட்டிக்குள் ஆவி பட்டுப் பட்டுச் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். வாட்டர்ப்ரூஃப் வகை ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்று கேளுங்கள், காரின் பின்பக்கம் இருக்கும் பார்க்கிங் சென்சார் மாதிரி தலை தனியே வயரில் வரும். அதற்குக் கிட்டத்தட்ட 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பும் மட்டத்தில் இருந்து அந்த உயரத்துக்கு மேலே மாட்ட இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சரியாக நிரம்பும் நேரத்தில் ரீடிங் கண்டபடி குதிக்கும், உங்களுக்கு வேண்டியதே அந்த நேரம்தான்.


பழையயூனோ:

மோட்டாரை இதிலேயே ஆஃப் செய்ய வைக்கலாம் என்ற யோசனை அடுத்து வரும், எல்லாருக்கும் வரும். அந்த நீல நிற ரிலே மாட்யூலில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி 1 எச்பி மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஆஃப் ஆகவே ஆகாது. ரிலே ஒரு காண்டாக்டரை, அதாவது பெரிய கரண்ட் தாங்கும் சுவிட்சை, இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அதுவரை பஸ்ஸரோடு சில வாரம் ஓட்டிப் பாருங்கள்.


மொட்டைமாடி:

பஸ்ஸர் கத்துகிறது, மேசைமேல் வாளி வைத்துச் சோதித்துவிட்டேன். ரிலே இப்போதைக்கு இல்லை, சத்தியமாக. ரீடிங்கில் நடுநடுவே 0 வருகிறது. அப்புறம் வைஃபையைப் போட்டதும் போர்டு தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது, மானிட்டரில் 'பிரவுன்அவுட்' என்று ஏதோ வருகிறது.


ஓம்விதி:

பிரவுன்அவுட் என்றால் வோல்டேஜ் விழுகிறது. வைஃபை அனுப்பும் நேரத்தில் சிப் திடீரென்று கரண்ட் இழுக்கும், 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும். நீளமான மெல்லிய கேபிளை மாற்றுங்கள், யுஎஸ்பி ஹப் இருந்தால் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள், மாடியில் நல்ல போன் சார்ஜர் வைத்துக்கொள்ளலாம். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸை இந்தச் சிப் பார்க்கவே பார்க்காது.

0 வருவது, எதிரொலி குறித்த நேரத்துக்குள் திரும்பவில்லை என்று, எக்கோ நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை கொடுக்கும் பதில், தூரம் 0 என்று அர்த்தம் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து நடுராத்திரியில் கத்தும். ஐந்து ரீடிங் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 60 மில்லி செகண்ட் இடைவெளி விட்டு, வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு தப்பான ரீடிங் வந்தாலும் சராசரி கெட்டுவிடும். வாளியில் தண்ணீர் அலம்பும்போதும் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.